மலையைப் பார்த்து இரண்டு கையும் தூக்கணும்!

கார்த்திகை தீபத்தன்று சாயந்திரம் ஆறு மணிக்கு எங்கள் திருவண்ணாமலையில் யாரும் தரையைப் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் மலை உச்சியில்தான். கீழே கோயிலில் அர்த்தநாரீசுவரர் சில நிமிஷம் மட்டும் வெளியே வந்து காட்சி தருவார். அதே நேரத்தில் மேலே, 2,668 அடி உயரத்தில், கொப்பரையில் தீபம் ஏறும். "அண்ணாமலையானுக்கு அரோகரா!" என்று ஊர் முழுக்க ஒரே குரல் எழும்பும். மாடியில் நிற்பவர்கள், தெருவில் போகிறவர்கள், இடுப்புக் குழந்தையை இறக்கிவிட்ட தாய்மார்கள் எல்லோரும் தலைக்கு மேலே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, அந்த நேரத்தில் நானும் எங்கள் வீட்டு மாடியில்தான் நின்றேன். இடது கை மேலே போயிற்று. வலது கை நெஞ்சுக்கு நேராக வந்து நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிப் பார்த்தேன். தோளில் கத்தி வைத்தாற்போல ஒரு வலி.

"ஏம்மா ஒத்தக் கையால கும்பிடுற?" என்றாள் எட்டாவது படிக்கிற என் மகள்.

பதில் சொல்ல முடியவில்லை. தீபம் கண்ணீரில் கலங்கித் தெரிந்தது. 'இருபது பேருக்கு ஒண்டியாகச் சமைத்த கையாயிற்றே, இனிமேல் இப்படித்தானா?' என்ற பயம் அன்றைக்குத்தான் முதல்முதலாக வந்தது.

சகோதரிகளே, என் கைக்கு வந்தது பெரிய வியாதி ஒன்றும் இல்லை. பாதி விபத்தால் வந்தது, பாதி என் பயத்தால் வந்தது. அந்தப் பாதிக் கதையைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். உங்களில் ஒருத்தராவது என்னைப் போல ஏமாறாமல் இருந்தால் எனக்கு அது போதும்.

வாசல் தெளிக்கப் போய்...

அந்த வருஷம் ஆடி வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் வாசல் கழுவிக் கோலம் போடப் போனேன். மழைக்காலப் பாசி படிந்த சிமென்டுத் தரை. ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றிவிட்டுத் திரும்பினேன், கால் வழுக்கியது. விழும்போது எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வலது கையைத் தரையில் ஊன்றினேன். மணிக்கட்டு வீங்கிக் கோணலாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்திருந்தது. நேராக்கி மாவுக்கட்டுப் போட்டு, "ஆறு வாரம் இருக்கட்டும்" என்றார் டாக்டர். அதோடு நிறுத்தவில்லை அவர். "விரலை எல்லாம் மடக்கி மடக்கி நீட்டுங்க. முழங்கையை மடக்குங்க. தோளைத் தினமும் தலைக்கு மேல தூக்குங்க. கட்டு மணிக்கட்டுக்குத்தான் போட்டிருக்கேன், மொத்தக் கைக்கும் இல்லே" என்று தெளிவாகச் சொன்னார்.

நான்தான் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒரு யோசனை. "ஆட்டாதே, எலும்பு விலகிடும்." "தொங்க விடாதே." "அசையாம வெச்சிருந்தாத்தான் சீக்கிரம் கூடும்." எனக்கும் பயம். கழுத்தில் மாட்டின துணித் தூளியில் கையைக் குழந்தை மாதிரிப் படுக்க வைத்துவிட்டேன். குளிக்கும்போதுகூட அந்தத் தோளை அசைக்கவில்லை. ஆறு வாரமும் கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டதாக எனக்கு ஒரே பெருமை.

கட்டுப் பிரித்தபோது எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. ஆனால் விரல்கள் மடங்கவில்லை. தோள் இறுகிப் போயிருந்தது. 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று இருந்தேன். போகப் போக அது மோசமாகத்தான் ஆயிற்று. தலை பின்னிக்கொள்ள முடியவில்லை. மேல் தட்டில் இருக்கிற பருப்பு டப்பாவை எடுக்க மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. ரவிக்கையின் கை நுழையவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்தால் தூக்கம் போய்விடும். மூன்று விதமான எண்ணெய் தடவினேன். "புத்தூர் பஸ் ஏறு, ஒரு கட்டுப் போட்டுட்டு வந்துடலாம்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கூடிவிட்ட எலும்புக்கு இனி என்ன கட்டு? ஏற்கெனவே பூட்டிக் கிடக்கிற கைக்கு இன்னொரு பூட்டா?

இப்படியே கார்த்திகை வந்துவிட்டது. தீபத்துக்கு மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

உறைந்து போன தோள்

டாக்டர் என்னைப் பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினார். இயன்முறை சிகிச்சை என்று தமிழில் போர்டு மாட்டியிருந்தது. அங்கே இருந்தது ஒரு சின்னப் பெண். என் தங்கை மகள் வயசுதான் இருக்கும். என் கையை மெல்லத் தூக்கியும் திருப்பியும் பார்த்தது. ஒரு அளவுகோலை வைத்து எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து எழுதிக்கொண்டது.

"அம்மா, இதுக்கு உறைஞ்ச தோள்னு பேரு. தோள் மூட்டைச் சுத்தி ஒரு மெல்லிய உறை இருக்கும். கையை நாலா பக்கமும் வீசுறதுக்கு வசதியா அது தொளதொளன்னு இருக்கணும். ஆட்டாம வெச்சிருந்ததுல அது தடிச்சுச் சுருங்கிடுச்சு. புது ரவிக்கைத் துணியைத் தண்ணியில நனைக்காம தெச்சா, முதல் துவையல்லயே கக்கத்துல பிடிக்குமில்ல? அப்படித்தான்."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? இன்னொன்றும் சொன்னது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், அதிலும் பெண்களுக்கு, அடி எதுவும் படாமலே இந்தத் தோள் பிடிப்பு வருவதுண்டாம். சர்க்கரை வியாதி இருப்பவர்களுக்கு இன்னும் அதிகமாம். "ரத்தம் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டது. நான் பார்த்ததே இல்லை. பார்த்தால் சர்க்கரை கூடியிருந்தது. தோள்வலிக்குப் போய்ச் சர்க்கரையைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தேன். அதுவும் ஒரு வகையில் நல்லதாகத்தான் போயிற்று.

"எப்ப சரியாகும்?" என்று கேட்டேன்.

"பல மாசம் ஆகும். சில பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷம்கூட ஆகலாம். முதல்ல வலி, அப்புறம் இறுக்கம், அப்புறம் மெல்லத் தளரும். அவசரப்பட்டு முறுக்கக் கூடாது, பயந்து சும்மாவும் வைக்கக் கூடாது" என்றது. "இன்னொரு கணக்கு சொல்றேன், கேளுங்க. வாரத்துக்கு 168 மணி நேரம். நீங்க வாரத்துல மூணு நாள், அரை அரை மணி நேரம் என்கிட்ட வர்றீங்க. அது ஒன்றரை மணி. மிச்சத்தை நான் பாக்க முடியுமா? நான் சொல்லித்தான் குடுப்பேன். வைத்தியம் பண்றது நீங்கதான்."

அந்தக் கணக்கு என் மண்டையில் நன்றாக ஏறிவிட்டது. மாத்திரை என்றால் விழுங்கிவிட்டு மறந்துவிடலாம். இந்த மருந்தை நாமே நம் கையால், நம் வலியோடு, தினம் தினம் காய்ச்சிக் குடிக்க வேண்டும்!

வேலூரில் ஒரு டாக்டரம்மா

வீட்டுக்குத் திரும்பும்போது என் அம்மா சொல்லுகிற ஒரு கதை நினைவுக்கு வந்தது. போளூர் வழியாக வேலூர் போகும் சாலையில் கண்ணமங்கலம் பக்கம் என் பிறந்த ஊர். எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பெரிய வியாதி என்றால் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிதான். அங்கே சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே வைத்தியம் பார்த்த டாக்டரம்மா மேரி வர்கீஸ் பற்றி அம்மா சொல்லுவாள்.

கேரளத்தில் 1925-ல் பிறந்தவர் மேரி வர்கீஸ். வேலூரில் படித்து டாக்டரானார். 1954-ல் நண்பர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளாயிற்று. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே போய்விட்டது. இளம் வயசு, அப்போதுதான் தொழிலில் காலூன்றுகிற நேரம். 'முடிந்தது' என்று யாருமே நினைத்திருப்பார்கள்.

அப்போது வேலூரில் பால் பிராண்ட் என்ற டாக்டர் இருந்தார். வெள்ளைக்காரர்தான், ஆனால் பிறந்தது நம்முடைய கொல்லிமலையில், 1914-ல். தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தியவர். நல்ல தசைநாண் ஒன்றை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றி வைப்பார்கள். ஆனால் தையல் பிரித்ததும் விரல் தானாக வேலை செய்துவிடாது. புது இடத்துக்கு வந்த தசைக்கு அதன் புது வேலையைச் சொல்லித் தர வேண்டும். மெழுகு ஒத்தடம், விரல் பயிற்சி என்று வாரக்கணக்கில் பழக்கினால்தான் அந்தக் கை சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும். ஆபரேஷன் பாதி, பயிற்சி பாதி.

அந்தக் கை ஆபரேஷன்களை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று மேரி வர்கீஸுக்கு வழிகாட்டினார் பிராண்ட். சக்கர நாற்காலியில் இருந்தபடி அந்த அம்மாள் மற்றவர்களுடைய கைகளுக்கு உயிர் கொடுத்தார். பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெறுவதற்காக ஒரு மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இந்த மாதிரி நிலையங்களில் முன்னோடி அது. இன்றைக்கு அந்த நிலையத்துக்கு அவர் பேர்தான். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986-ல் காலமானார்.

அந்த அம்மாளுக்குக் கால் திரும்ப வரவில்லை. ஆனால் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு நகர, நாற்காலியைத் தானே தள்ள, இருக்கிற தசைகளைப் பலப்படுத்த என்று பயிற்சி செய்து செய்து, மிச்சம் இருந்ததை வைத்து இத்தனையும் சாதித்தார். என்னுடையது வெறும் தோள். எலும்பு கூடியாயிற்று, நரம்பு நன்றாக இருக்கிறது. எனக்கு என்ன கேடு, சுவரில் நாலு விரலை ஏற்றுவதற்கு?

சுவர் ஏறிய கதை

அந்தப் பெண் சொல்லித் தந்த பயிற்சிகளை இங்கே சொல்கிறேன். உங்கள் டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ ஒரு தடவை பார்த்துச் சரி என்ற பிறகு செய்யுங்கள். ஒவ்வொன்றும் பத்துப் பத்துத் தடவை, காலையிலும் சாயந்திரமும் செய்தேன்.

முதலில் ஒத்தடம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பத்து நிமிஷம் தோளில் போட்டால் இறுக்கம் கொஞ்சம் இளகும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சூடு சரியாகத் தெரியாமல் போகலாம். ஆகவே வலியில்லாத கையின் முழங்கையால் சூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஊஞ்சல். நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையை யானைத் துதிக்கை மாதிரித் தொங்கவிட்டு, முன்னும் பின்னும், பக்கவாட்டில், பிறகு சின்ன வட்டமாக ஆட்டவேண்டும்.

சுவர் ஏறுதல். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு ஊர்வது போல மேலே மேலே நகர்த்தவேண்டும். முடிகிற இடத்தில் நிறுத்தி, பத்து எண்ணி, மெல்ல இறங்கவேண்டும். தோளைக் காதோடு சேர்த்துத் தூக்கி ஏமாற்றக் கூடாது!

குச்சி. மல்லாந்து படுத்து ஒட்டடைக் குச்சியை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கை வலிக்கிற கையைக் கூட்டிக்கொண்டு தலைக்கு மேலே போகவேண்டும்.

மணிக்கட்டுக்கு. முன்கையை மேஜையில் வைத்து, உள்ளங்கையை விளிம்புக்கு வெளியே நீட்டி மேலும் கீழும் மடக்குவது. ஒரு கரண்டியைப் பிடித்து உள்ளங்கையை வானம் பார்க்கவும் பூமி பார்க்கவும் திருப்புவது. விரல் பலத்துக்குச் சப்பாத்தி மாவைப் பிசைவதைவிட நல்ல பயிற்சி ஏது? எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் தினமும் சப்பாத்திதான். வீட்டுக்காரர் பாவம், ஒன்றும் சொல்லவில்லை.

வலிக்காதா என்று கேட்பீர்கள். வலிக்கும். எந்த வலியைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்பதற்கு அந்தப் பெண் ஒரு அடையாளம் சொன்னது. பயிற்சியின்போது இழுக்கிற மாதிரி வலித்து, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டால் சரி. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தாலோ, மறுநாளும் நீடித்தாலோ, அளவு மிஞ்சிவிட்டது, குறைத்துக்கொள்ள வேண்டும்.

நாள்பட்ட வலியைப் பற்றியும் ஒன்று புரிந்துகொண்டேன். வலி என்பது வீட்டுக் காவல் நாய் மாதிரி. திருடன் வந்தால் குரைக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு தடவை அடி வாங்கின நாய், அப்புறம் பால்காரனைப் பார்த்தாலும் குரைக்கும். காயம் ஆறின பிறகும் உடம்பு அப்படித்தான் பயப்படுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக் காட்டி, 'ஒன்றும் ஆகாது' என்று அதற்கு நம்பிக்கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் முதல் இரண்டு வாரம் நான் ஒழுங்காகச் செய்யவில்லை. காலையில் டிபன், டப்பா, பள்ளிக்கூட அவசரம். சாயந்திரம் விளக்கேற்றி, சமையல். 'எல்லாருக்கும் ஆன பிறகு நமக்கு' என்று ஒதுக்கினால் நம் முறை வரவே வராது என்பது உங்களுக்குத் தெரியாதா? அப்போது கை கொடுத்தது என் மாமியார். ஒருநாள் நான் சோற்றுப் பானையிடம் நின்றபோது வந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். "நீ போய் சுவர் ஏறு. சோறு நான் வடிக்கிறேன்" என்றார்.

எங்கள் சமையலறைச் சுவரில் பிள்ளைகள் வளர்ந்த உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தோம். அதற்குப் பக்கத்தில் என் கை ஏறின உயரத்துக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் மகள் ஒரு கோடு போட்டாள். சில வாரம் ஒரு விரற்கடை. சில வாரம் ஒன்றுமே இல்லை. தை மாதத்தில் தோள் வலி குறைந்து தூக்கம் வந்தது. சித்திரையில் தலை பின்னிக்கொண்டேன். ஆடியில், விழுந்து சரியாக ஒரு வருஷம் கழித்து, பருப்பு டப்பாவை நானே எடுத்தேன்.

அத்தையின் முழங்கால்

என்னைப் பார்த்து என் மாமியாருக்கும் ஆசை வந்துவிட்டது. அத்தை பௌர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் போனவர். முழங்கால் வலி வந்ததும் நின்றுவிட்டார். "தேஞ்சு போச்சு, இனி நடந்தா இன்னும் தேயும்" என்று நாற்காலியே கதி என்று இருந்தார்.

பிசியோதெரபிப் பெண் சிரித்தது. "மூட்டு சைக்கிள் டயர் இல்ல பாட்டி, ஓட்ட ஓட்டத் தேய்றதுக்கு" என்றது. மூட்டில் இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாதாம். மடக்கி நீட்டும்போது, பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல மூட்டுத் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போகிறதாம். சும்மா உட்கார்ந்தால் அதுவும் பட்டினி, தொடைத் தசையும் சூம்பும். தொடை பலமாக இருந்தால்தான் முழங்காலுக்குப் பாரம் குறையும். உடம்பு எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அத்தைக்கு மூன்றே பயிற்சிகள். காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டின துண்டை வைத்து, ஐந்து எண்ணும் வரை கீழே அழுத்துவது. ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு, மற்றதை நேராக ஒரு அடி உயரம் தூக்கி இறக்குவது. உயரமான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. அதோடு தினம் கொஞ்சம் நடை. முதல் வாரம் தெருக்கோடி வரை. ஆறு மாதம் கழித்து ஒரு பௌர்ணமிக்கு இந்திர லிங்கத்திலிருந்து எம லிங்கம் வரை நடந்தார். மிச்சத்துக்கு ஆட்டோ. "சாமி கணக்கு வெச்சுக்கிட்டா இருக்கார்? அடுத்த தடவ நிருதி லிங்கம்" என்கிறார் இப்போது! சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் வெறுங்காலோடு கிரிவலம் போகாதீர்கள். கல் குத்தினாலும், ரோடு சுட்டாலும் தெரியாது.

எங்கள் தெருவில் பக்கவாதம் வந்து படுத்த ஒரு பெரியவருக்கு வீட்டுக்கே வந்து கை கால் பயிற்சி கொடுத்தார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது. நடக்க முடியாதவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

இளம் தாய்மார்களே, உங்களுக்கு

கைக்குழந்தைக்காரிகளுக்குக் கட்டைவிரல் அடியில், மணிக்கட்டு ஓரமாகச் சுரீர் என்று வலிக்கும். குழந்தையின் கக்கத்தில் கட்டைவிரலை விரித்துக் கொடுத்துத் தூக்கித் தூக்கி வருவது இது. ஒரு உள்ளங்கையைக் குழந்தையின் பிட்டத்துக்கு அடியிலும் இன்னொன்றைக் கழுத்துக்கும் தலைக்கும் பின்னாலும் கொடுத்து அள்ளித் தூக்குங்கள். இடுப்பில் வைத்தால் எப்போதும் ஒரே பக்கம் வைக்காதீர்கள், மாற்றி மாற்றி வையுங்கள்.

தண்ணீர்க் குடமோ, துணி வாளியோ, இடுப்பை மடக்கிக் குனிந்து தூக்காதீர்கள். முழங்காலை மடக்கி, குடத்தை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கிக்கொண்டே உடம்பைத் திருகாதீர்கள். சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு ஒரு நாள் இரண்டு நாள் ஓய்வு போதும். வாரக்கணக்கில் படுத்தால் முதுகுத் தசை பலமிழந்து வலிதான் நீளும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

வீட்டு வைத்தியத்துக்கு எல்லை உண்டு. கட்டுப் போட்ட கையில் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல்கள் வீங்கி நீலமாகவோ வெளுத்தோ சில்லிட்டோ மரத்தோ போனாலோ நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முதுகு வலியோடு கால் பலம் குறைந்தாலோ, பிட்டப் பகுதி மரத்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ உடனே காட்டுங்கள். அடிபட்டு வீங்கின இடத்தை எக்ஸ்ரே பார்க்காமல் எண்ணெய் போட்டு உருவாதீர்கள். முழங்கையில் அடிபட்ட குழந்தைக்கு உருவவே கூடாது. உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை மடங்காமல் போய்விடக்கூடும்.

ஒரு வார்த்தை

போன கார்த்திகை தீபத்துக்கும் மாடிக்குப் போனோம். ஆறு மணி. மலை மேல் சுடர் தெரிந்தது. ஊர் "அரோகரா" என்றது. நான் கையைத் தூக்கினேன். வலது கையும் கூடவே வந்தது. தலைக்கு மேலே இரண்டு உள்ளங்கையும் ஒன்றையொன்று தொட்டன. மகள் சாமியைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். முதுகுப் பக்கம் கை போவதில் இன்னும் இரண்டு விரற்கடை குறைகிறது. அதற்கும் துண்டை வைத்து இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். சமையலறைச் சுவரில் என் மகள் போட்ட கோடுகள் அப்படியே இருக்கின்றன. வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்த ஒரு முழம் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது கை கால் பிடித்து உட்கார்ந்திருந்தால், "ஆட்டாதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எதை ஆட்டலாம், எவ்வளவு ஆட்டலாம் என்று விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள். பிறகு அவர்கள் கையிலிருக்கும் கரண்டியை வாங்கிக்கொண்டு, "நீ போய் சுவர் ஏறு" என்று சொல்லுங்கள். அத்தை எனக்குச் செய்த வைத்தியம் அதுதான்.